குடிமாற ஆகாத மாதங்கள்

கள்ளக்குறிச்சி வீட்டை வாங்குவதற்கு முன்னால் செல்லமுத்து எல்லாவற்றையும் பார்த்தார். மூலப்பத்திரம் பார்த்தார், பட்டா பார்த்தார், வக்கீலிடம் கொடுத்து வில்லங்கச் சான்றும் பார்த்தார். தாத்தா காலம் வரைக்கும் தோண்டியும் ஒரு வில்லங்கமும் இல்லை என்று வக்கீல் அடித்துச் சொன்னார். அது உண்மைதான். இருந்த ஒரே வில்லங்கம் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. அதற்குத் தீனதயாளன் என்று பெயர். அதையெல்லாம் எந்தச் சான்றிலும் போடமாட்டார்கள்.

தங்கமான மனுஷன், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே காலி செய்துவிடுவார் என்று புரோக்கர் ராஜாங்கம் சொல்லியிருந்தார். தங்கமான மனுஷன் என்பதில் பொய்யில்லை. வாடகை தேதி தவறாமல் வந்தது. குழாய் ஒழுகினால் அவரே ஆள் வைத்துச் சரிசெய்தார். சுண்ணாம்பு உதிர்ந்தால்கூட வீட்டுக்காரரைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று தானே கூட்டி அள்ளினார். சண்டைக்காரனாக இருந்தால் சண்டை போட்டு அனுப்பலாம். இப்படிப்பட்டவரை என்ன சொல்லி அனுப்புவது?

அந்த ஒரு வார்த்தைதான் செல்லமுத்துவுக்கு வரவில்லை. சங்கராபுரம் பக்கத்துக் கரும்புக் காட்டில் நின்று நாலு வயலுக்கு அப்பால் இருக்கிறவனைக் கூப்பிடுகிற தொண்டை அவருக்கு. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும் என்றால் அந்தத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மழையைப் பற்றிப் பேசுவார். மாட்டைப் பற்றிப் பேசுவார். துண்டால் முகத்தைத் துடைப்பார். கடைசியில் எழுந்து வந்துவிடுவார்.

தீனதயாளன் கல்வராயன் மலையிலிருந்து புளி, தேன், சாமை வாங்கிக் கீழே விற்கிறவர். வெள்ளிமலை ஜீப் வந்து நின்றால் வீட்டின் முன்னறை மூட்டைகளால் நிறைந்துவிடும். தெருமுனை வரைக்கும் புளி வாசனை அடிக்கும். செல்லமுத்து காலி செய்யச் சொல்லப் போகும்போதெல்லாம் வெறுங்கையோடு திரும்பியதில்லை. ஒரு பாட்டில் தேனைக் கையில் திணித்துத்தான் தீனதயாளன் வழியனுப்புவார். செல்லமுத்துவின் மனைவி ஆண்டாள் அந்த பாட்டில்களை அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். வரிசை நீள நீள அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியே தப்பித்தவறி வாயைத் திறந்துவிட்டாலும் தீனதயாளனிடம் பஞ்சாங்கம் இருந்தது. வீடு கைக்கு வந்தபோது ஆடி. ஆடியில் யாராவது குடிமாறுவார்களா? ஆவணியில் மனைவி கமலாவுக்குக் காலில் சுளுக்கு. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் அடைமழை, புளி நனைந்தால் போச்சு. கார்த்திகையிலும் மழை விடவில்லை. மார்கழி கூடவே கூடாது. தையும் மாசியும் புளி சீசன், மூச்சுவிட நேரமில்லை. பங்குனியில் பழைய ஆட்கள் குடிபோகமாட்டார்கள். சித்திரையில் அவர் பார்த்த வீட்டுக்கு வாசல் தெற்கே இருந்தது. இதில் எதையும் செல்லமுத்துவால் மறுத்துப் பேச முடியவில்லை, ஏனென்றால் இதையெல்லாம் அவரும் அப்படியே நம்பினார்.

ஆண்டாள் சங்கதி வேறு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கூட்டுக் குடும்பத்து அடுப்படியில் இரண்டாவது ஆள். முதல் ஆள் ஓரகத்தி குஞ்சம்மாள். உப்பு எவ்வளவு என்று குஞ்சம்மாள் சொல்வாள், ஆண்டாள் போடுவாள். காபி எல்லாருக்கும் ஆற்றிக் கொடுத்தபின் பாத்திரத்தின் அடியில் நிற்பதுதான் ஆண்டாளுடைய பங்கு. குஞ்சம்மாள் கெட்டவள் இல்லை, மூத்தவள், அவ்வளவுதான். தனக்கென்று ஒரு அடுப்படி வேண்டும், அதில் தன் கையால் பால் பொங்க வேண்டும். ஆண்டாளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆசை அது. வீடு பதிவான அன்றே கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரு எவர்சில்வர் பால் குண்டான் வாங்கினாள். அது இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

வைகாசி பிறந்ததும் அவள் சொல்லிவிட்டாள். இதை விட்டால் ஆனி, அப்புறம் ஆடி, மறுபடியும் முதலிலிருந்து. வைகாசிக்குள் அந்த வீட்டில் பால் பொங்க வேண்டும். இந்தத் தடவை தானும் கூட வருவதாகவும், மகன் அறிவுச்செல்வனும் வரவேண்டும் என்றும் சொன்னாள். மூன்று பேர் போனால் மூன்று தொண்டையில் ஒன்றாவது திறக்காதா என்பது அவள் கணக்கு.

திருநாவலூர் கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. போகிற வழியில் காலையிலேயே தீனதயாளனைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. செல்லமுத்துவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் தேன் கொடுத்துக் கொடுத்தே தன் வாயை அடைத்துவிட்டார். இந்தத் தடவை நாம் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால் தைரியமாகப் பேசலாம். ஆகவே ஒரு தாம்பாளத்தில் வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை பாக்கு, மல்லிகைப் பூ எல்லாம் வைத்துக்கொண்டார். ஆண்டாள் கல்யாணத்துக்கென்று பட்டுப்புடவையில் இருந்தாள். அறிவுச்செல்வன் வெள்ளை வேட்டி சட்டை. அவன் கையில்தான் தட்டு.

முகூர்த்த நாள் காலையில், பட்டுப்புடவையோடு ஒரு அம்மாளும், பூவும் பழமும் வைத்த தட்டோடு கல்யாண வயதுப் பையனும் வாசலில் வந்து நின்றால், உள்ளே கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டார் என்ன நினைப்பார்கள்? இந்த ஜில்லாவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். செல்லமுத்துவுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் தலைக்குள் ஒரு வருஷமாக ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கமலா தட்டைப் பார்த்தாள். அறிவுச்செல்வனைப் பார்த்தாள். வாங்க வாங்க என்றவள், தட்டை இரண்டு கையாலும் வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உள்ளே பறந்தாள். இரண்டு குடும்பமும் ஒரே சனம்தான். திருநாவலூர்ப் பக்கத்து உறவை அலசினால் தீனதயாளன் ஆண்டாளுக்கு அண்ணன் முறை வேண்டும். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். முறைக்கு முறையும் சரியாக இருந்தது. தீனதயாளன் வழக்கத்துக்கு மாறாகச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

செல்லமுத்து மழையைப் பற்றி ஆரம்பித்தார். தீனதயாளனும் ஆர்வமாக மழையைப் பற்றிப் பேசினார். மாட்டைப் பற்றிப் பேசினார்கள். உள்ளே எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருந்த செல்லமுத்துவுக்கு நெய் வாசனை மூக்கில் ஏறியது. எவ்வளவு நல்ல மனுஷங்க, இவங்ககிட்டப் போய் எப்படிச் சொல்வது என்று மனம் உருகி, உருகிய மனத்தோடு கேசரியை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இலக்கியா வந்தாள். தீனதயாளனின் ஒரே பெண். சங்கராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை நிறுத்திப் புடவை கட்டவைத்திருக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தலையில் அந்தத் தட்டிலிருந்த மல்லிகை. கையில் காபி. ஆண்டாளுக்கு அப்போதுதான் உறைத்தது. பூவைப் பார்த்தாள், பஜ்ஜியைப் பார்த்தாள், திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் விரலில் ஒட்டியிருந்த கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் சனத்தில் பெண் பார்க்கப் போகிற இடத்தில் சும்மா கை நனைக்கமாட்டார்கள். காபித் தண்ணியோடு சரி. பிடித்திருந்தால்தான் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். செல்லமுத்து கை நனைத்தது மட்டுமில்லை, இரண்டாம் தடவை வைத்ததையும் சாப்பிட்டிருந்தார். கமலா உள்ளேயிருந்து யார் யாருக்கோ போன் பேசுவது கேட்டது. கிளம்பும்போது தீனதயாளன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, சம்பந்தி என்றார். கூடவே தேன் பாட்டிலும் கொடுத்தார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆண்டாள் விளக்கினாள். அறிவுச்செல்வன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான்.

"நீ ஏண்டா அந்தப் பொண்ண பாத்தும் ஒண்ணும் சொல்லல?" என்று செல்லமுத்து அவன்மேல் பாய்ந்தார்.

"நான் எங்கப்பா பொண்ண பாத்தன்? மேல சீலிங்ல விரிசல் வுட்டுருக்குது. அதப் பாத்துக்கினு இருந்தேன்."

இனி என்ன செய்வது? வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்தோம் என்று திரும்பிப் போய்ச் சொன்னால், பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று சாக்குச் சொல்கிறார்கள் என்றுதான் ஊர் பேசும். தான் பெற்ற பெண் இல்லாவிட்டாலும் அந்தப் பாவம் செல்லமுத்துவுக்கு வேண்டாம். சொல்லாமல் இருந்தால் கல்யாணத்தில் போய் முடியும். காலி செய்யச் சொல்லவே வாய் வராத மனிதருக்கு இப்போது சொல்லவேண்டிய விஷயம் இரண்டாகிவிட்டது. அவர் தினமும் கரும்புக் காட்டிலேயே கிடந்தார். வெள்ளிமலை ஜீப் ஒன்று வழியை விட்டுத் திரும்பி ஊருக்குள் வந்து, சம்பந்தி வீட்டுக்கென்று ஒரு பெரிய பலாப்பழத்தை இறக்கிவிட்டுப் போனது. குஞ்சம்மாள் அதை அறுத்து ஊருக்கே பங்கு வைத்தாள். தெருவில் எல்லாரும் கல்யாணம் எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வைகாசியில் ஒரே ஒரு முகூர்த்தம் பாக்கி இருந்தபோது, ஒரு சாயங்காலம் தீனதயாளனே வந்தார். கையில் ஒரு தட்டு. தட்டில் பழமும் தேனும். உட்கார்ந்தார். மழையைப் பற்றி ஆரம்பித்தார். பிறகு வாசலில் கட்டியிருந்த பசுவைப் புகழ்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

செல்லமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நோய் அவருக்கு அத்துப்படி. இந்த மனிதரிடம் சொல்லமுடியாத சங்கதி ஒன்று இருக்கிறது. முதல் தடவையாகத் தான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு அல்ப சந்தோஷம்கூட வந்தது.

சுற்றிச் சுற்றி வந்து தீனதயாளன் ஒருவழியாகப் போட்டு உடைத்தார். பெண் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்க வந்த மாப்பிள்ளை ஒரு தடவையாவது தன் முகத்தைப் பார்த்தாரா, வந்ததிலிருந்து போகிறவரைக்கும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கூரையையே கட்டிவையுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். கமலா அழுது பார்த்தாள், இவர் அதட்டிப் பார்த்தார், டீச்சர் அசையவில்லை.

செல்லமுத்துவுக்கு உள்ளுக்குள் தாரை தப்பட்டை அடித்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதோடு விட்டாரா தீனதயாளன்?

"வூடு தேடி வந்து, எங்க வூட்ல கை நனைச்ச மனுஷங்கள நாங்க அவமானப்படுத்திட்டோம். இதுக்கு மேல உங்க வூட்ல எந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் குடி இருக்கறது? காலி பண்ணிடறேங்க" என்றார்.

கச்சிராயபாளையம் ரோட்டில் வீடு பார்த்தாகிவிட்டது, மலை ஜீப் வருவதற்கும் தோதான இடம் என்றார். ஒரு வருஷமாகக் கிடைக்காத வீடு எப்படித்தான் கிடைத்ததோ.

செல்லமுத்து நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடிக்காவிட்டால் எழுந்து ஆடிவிடுவார் போலிருந்தது. அதற்குள் அடுப்படியிலிருந்து ஆண்டாள் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. கேட்டது வீடு, கிடைத்ததும் வீடு. ஆனாலும் பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

"எம் புள்ளைக்கு இன்னாண்ணே கொற? மூக்கு முழி கம்மியா இருக்குதா?"

செல்லமுத்து பதறிப்போய் அவளுக்குக் கண்ணைக் காட்டினார். இவள் வாதாடி ஜெயித்துக் கல்யாணத்தை நடத்திவிட்டால் வீடு என்னாவது? ஆனால் தீனதயாளன் வாதாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். துண்டை எடுத்தார், இந்தத் தடவை முகத்தை இல்லை, கண்ணைத் துடைத்தார். உங்க பிள்ளைக்குக் குறை ஒன்றுமில்லை தங்கச்சி, நான் பெண்ணை வளர்த்த லட்சணம் அப்படி, என்றார்.

அதைக் கேட்டதும் செல்லமுத்துவுக்குள் அடித்துக்கொண்டிருந்த தப்பட்டை நின்றுபோனது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீடு வந்துவிடும். ஆண்டாளின் குண்டான் பெட்டியை விட்டு வெளியே வரும். அவருக்கு மூடிக்கொண்டிருக்கத் தெரியாததா? ஆயுசு பூராவும் அதைத்தானே செய்தார். ஆனால் எந்தத் தப்பும் செய்யாத ஒரு மனிதர், தன் பெண்ணைக் குறை சொல்லிக்கொண்டு எதிரில் அழுகிறார். அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. பையன் கூரையைத்தான் பார்த்தான். செல்லமுத்து ஆண்டாளைப் பார்த்தார். அவளுக்கும் விளங்கிவிட்டது. அவள் கண், அலமாரியின் மேல் இருந்த அட்டைப்பெட்டிக்கு ஒரு தடவை போய் வந்தது. பிறகு, சொல்லுங்க என்பதுபோலத் தலையை அசைத்தாள். அப்படி அசைக்க அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மழையும் இல்லாமல் மாடும் இல்லாமல் செல்லமுத்து நேராகச் சொன்னார்.

"மச்சான், அன்னிக்கு நாங்க பொண்ணு கேக்க வரலீங்க. வூட்ட காலி பண்ணச் சொல்லத்தான் வந்தோம். சொல்ல வாய் வரல. கேசரி நல்லா இருந்துச்சி, சாப்ட்டுட்டேன்."

அப்படியானால் அன்றைக்குக் கொண்டுவந்த தட்டு எதற்கு என்று தீனதயாளன் கேட்டார். அது தேனுக்குப் பதிலுக்குக் கொண்டுவந்தது என்று செல்லமுத்து சொன்னார். பட்டுப்புடவை? திருநாவலூர்க் கல்யாணத்துக்கு. பையன் கூரையைப் பார்த்தது? விரிசல். தீனதயாளனின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தது. செல்லமுத்துவும் சிரித்தார். அடுப்படியிலிருந்து குஞ்சம்மாள் ஓடிவந்து, என்ன ஏதென்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

ஆண்டாள் மட்டும் சிரிக்கவில்லை. அவமானம் தீர்ந்துவிட்டது, இனி அந்த மனிதருக்கு வீட்டைக் காலி செய்ய ஒரு காரணமும் இல்லை. அவள் பயந்தபடியே தீனதயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய தெம்போடு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். வைகாசி முடியப்போகிறது. ஆனியில் குடிமாறுவது அவ்வளவு நல்லதில்லை. ஆடி பேசவே வேண்டாம். ஆவணியில் பார்க்கலாம் என்று சொல்ல வந்தவர் ஆவணி விரலிலேயே நின்றுவிட்டார். சிரிப்பு முகத்தை விட்டுப் போயிற்று.

"அய்யய்யோ. காலைலதான் கமலா அங்க பால் காய்ச்சிட்டா."

புது வீட்டில் பால் பொங்கியாகிவிட்டது. பால் பொங்கின வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டுப் பழைய வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் குடும்பத்துக்கு ஆகுமா? ஆகாது. யார் சொன்னது? ஒரு வருஷமாகப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு செல்லமுத்துவுக்குப் பாடம் எடுத்த இதே தீனதயாளன்தான். அவர் தப்பிக்க வழி இருக்கிறதா என்று எல்லா விரலையும் இன்னொரு தடவை பார்த்தார். இல்லை. அதற்குள் ஆண்டாள் ஸ்டூலைப் போட்டு ஏறி அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டாள். இப்போது அவள் சிரித்த சிரிப்பில், ஸ்டூலைக் குஞ்சம்மாள்தான் பிடித்துக்கொள்ளவேண்டி வந்தது.

கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். வீட்டைக் கழுவி, சாம்பிராணி போட்டு, மஞ்சள் தெளித்தும் புளி வாசனை போகவில்லை. இத்தனை புளிப்பில் பால் திரிந்துவிடுமோ என்று செல்லமுத்து அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆண்டாள் அவரை வெளியே போகச் சொன்னாள். யாரும் அடுப்படிக்குள் வரவேண்டாம் என்றாள். குஞ்சம்மாள், தீ கொஞ்சம் ஜாஸ்தி என்று வாசற்படியிலிருந்து சொன்னாள். ஆண்டாள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கூடத்தில் தீனதயாளன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கொண்டுவந்ததும் தேன்தான். இலக்கியா மேலே கையைக் காட்டி, விரிசல் இன்னும் அப்படியேதான் இருக்குது, பாத்துக்குங்க, என்று அறிவுச்செல்வனிடம் சொன்னாள். அவன் இந்தத் தடவை மேலே பார்க்கவில்லை.

பால் திரியவில்லை. கிழக்குப் பக்கமாகப் பொங்கி, புதுக் குண்டானின் விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது. எல்லாரும் அடுப்படி வாசலில் கூடிவிட்டார்கள். ஆண்டாள் சர்க்கரை போட்டு ஆற்றி முதல் டம்ளரை நிரப்பினாள். வழக்கப்படி செல்லமுத்து கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. அடுப்பில் சாய்ந்து நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், அதை மெதுவாகத் தானே குடித்தாள். செல்லமுத்து நீட்டிய கையை மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். குஞ்சம்மாள்கூட வாசற்படியிலேயே காத்து நின்றாள்.

"எப்டி இருக்குது?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"புளி வாசன அடிக்குது" என்றாள் ஆண்டாள். சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளர் தனக்கே ஊற்றிக்கொண்டாள்.